மழைக்காலத்தில் தேனீப் பெட்டிக்குள் ஈரம்: மேற்பகுதியில் காற்றுத் துளை இடலாமா?

கேள்வி (மடிப்பாக்கம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு நியூட்டன் பெட்டிகளில் இந்தியத் தேனீ வளர்த்து வருகிறேன். சுற்றிலும் முருங்கையும் புங்கமும் தென்னையும் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதியில் தேனீக்களுக்குத் தீவனக் குறை இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து ஒரு பெட்டியில் மட்டும் ஈரம் தங்கியபடியே இருக்கிறது. காலையில் மேல்மூடியைத் தூக்கிப் பார்த்தால் அதன் உட்கூரைப் பலகையில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறது. ஓரத்துச் சட்டத்தில் (தேனீக்கள் மெழுகு அடை கட்டும் மரச்சட்டம்) மகரந்தம் சேமித்த கண்ணறைகளின் மேல் வெளிர்சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருக்கிறது. அடிப்பலகையின் பின்மூலையில் இறந்த தேனீக்களும் மெழுகுத் துகள்களும் ஊறிக் குழைந்து கிடக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் மற்றொரு பெட்டியில் இவை எதுவும் இல்லை.

வழி தேடியபோது கிடைத்த அறிவுரைகளில் பெரும்பாலானவை கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் தேனீ வளர்ப்பவர்கள் எழுதியவை. குளிர்காலத்தில் குளிரைவிட ஈரமே கூட்டத்தை அதிகம் கொல்கிறது என்றும், ஆகவே பெட்டியின் மேற்பகுதியில் காற்று வெளியேற ஒரு துளை கட்டாயம் வேண்டும் என்றும், உள்மூடிக்கு மேல் மரச்சீவல் நிரப்பிய ஓர் அறையை வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். நம் ஊரில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருக்கும்போது இந்த அறிவுரை நமக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்? புழு அறையின் (புழுக்கள் வளரும் கீழ் அடுக்கு) மேல்விளிம்பில் 20 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இடலாமா? மழைச்சாரல் படாமல் இருக்க அந்தப் பெட்டியைச் சுற்றி பிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கட்டியிருக்கிறேன். அது இருக்கலாமா, எடுத்துவிட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (தாம்பரம்)

அம்மா, துளைப்பானைக் கையில் எடுப்பதற்கு முன்பு அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டிக்குள் ஈரம் சேர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மழைநீர் மூடியின் இணைப்புகள் வழியாகவோ வாசல் வழியாகவோ உள்ளே இறங்குவது. மற்றொன்று, தேனீக்களின் மூச்சிலிருந்தும், அவை பூக்களிலிருந்து கொண்டுவந்து வற்றவைக்கும் மதுரத்திலிருந்தும் எழும் நீராவி மேலே சென்று குளிர்ந்த பலகையில் படிவது. முதலாவதுக்கு எத்தனை காற்றுத் துளை வைத்தாலும் பயன் இல்லை; கூரையைச் சரிசெய்வதுதான் வழி.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. மாலையில் உட்கூரைப் பலகையின் அடிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு, அந்தப் பலகைக்கும் சாய்வான மேற்கூரைப் பலகைகளுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் ஒரு செய்தித்தாளை, நடுவில் உள்ள வலைத்துளையை மறைக்காதபடி கத்தரித்து, விரித்து வையுங்கள். இரவு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் தாள் நனைந்து திட்டுத்திட்டாக இருந்தால் கூரை ஒழுகுகிறது என்று பொருள். தாள் உலர்ந்திருந்து, பலகையின் அடிப்புறம் மட்டும் நீர் கோத்திருந்தால் அது உள்ளிருந்து வந்த நீர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நியூட்டன் பெட்டியில் காற்றோட்டத்துக்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. உட்கூரைப் பலகையின் நடுவே கம்பிவலை அடித்த ஒரு சதுரத் துளையும், மேல்மூடியின் முன்புறமும் பின்புறமும் ஒவ்வொரு துளையும் உண்டு. வாசல் வழியாக நுழையும் காற்று வலைத்துளை வழியாக ஏறி அந்த இரு துளைகளால் வெளியேற வேண்டும். திருச்சிராப்பள்ளிப் பகுதியில் 1910ஆம் ஆண்டு வாக்கில் அருட்தந்தை நியூட்டன் நம் நாட்டுத் தேனீயின் உடல் அளவைக் கருத்தில் கொண்டு அமைத்த பெட்டி இது. நம் வெப்பத்துக்கும் புழுக்கத்துக்கும் ஏற்ற வடிவம்தான். நீங்கள் பிளெக்ஸை இறுக்கிச் சுற்றியிருந்தால் அந்த முன்பின் துளைகள் இரண்டும் அடைபட்டிருக்கும். இருக்கும் துளைகளை அடைத்துவிட்டுப் புதிய துளை இட வேண்டியதில்லை அல்லவா? மற்றப் பெட்டியில் ஈரம் இல்லாததற்கும் அதில் துளைகள் அடைபடாததே காரணமாக இருக்கலாம்; அதையும் சுற்றியிருக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை.

மழைக்குத் தடுப்பு வேண்டும் என்றால் பெட்டியைப் போர்த்தக் கூடாது. பெட்டிக்கு மேலே தனியாக ஒரு கூரை கொடுக்க வேண்டும். முடைந்த தென்னங்கீற்று இரண்டை நான்கு கம்புகளின் மேல் சாய்வாக, மூடியிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கட்டினால் போதும். கீற்று நனைந்தாலும் தகரத்தைப்போல் சில்லிட்டுப் போகாது. இடையில் காற்றும் ஓடும். மொட்டைமாடியில் காற்று பலமாக வீசும் என்பதால் கம்புகளைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள், புயல் எச்சரிக்கை வந்தால் கீற்றை இறக்கிவிடுங்கள்.

பெட்டியின் பின்பக்கக் கால்களுக்கு அடியில் ஒரு சிறு ஓட்டுத்துண்டு கொடுத்து முன்பக்கம் லேசாகத் தாழும்படி வைத்தால் அடிப்பலகையில் சேரும் நீர் வாசல் வழியாக வடிந்துவிடும். பின்மூலையில் குப்பை ஊறிக் கிடக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் பெட்டி இப்போது பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தக் குப்பையை உடனே வழித்து எடுத்துவிடுங்கள்; மெழுகுப் பூச்சியின் புழுக்கள் அதில்தான் முதலில் பெருகும்.

மறுமொழி (மினியாபொலிஸ், சொந்த ஊர் பெரம்பூர்)

நான் குளிர்நாட்டில் தேனீ வளர்ப்பவன் என்பதால் அந்த அறிவுரை எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதைச் சொல்கிறேன்.

இங்கே வளர்ப்பது நம்மூரில் இத்தாலியத் தேனீ என்று அழைக்கப்படும் மேற்கத்திய இனம். சுற்றுப்புற வெப்பநிலை சுமார் 14 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இவை சட்டங்களுக்கு இடையே நெருங்கித் திரண்டுவிடும். திரளின் வெளிவிளிம்பில் இருப்பவை சுமார் 10 டிகிரியைத் தக்கவைத்துக்கொள்ளும். புழு வளரும் நாட்களில் நடுப்பகுதி 34, 35 டிகிரி வரை இருக்கும். அவை தங்களைத்தான் சூடாக வைத்துக்கொள்கின்றன, பெட்டியை அல்ல. ஆகவே வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும் இரவில் மூடியின் உட்புறம் உறைநிலைக்கே போய்விடும். அந்தச் சூட்டுக்கான எரிபொருள் தேன். சர்க்கரை எரியும்போது கரியமில வாயுவோடு நீரும் உண்டாகும் என்பதால், ஒரு கிலோ தேனைத் தின்று தீர்த்தால் அதில் ஏற்கெனவே இருந்த நீரையும் சேர்த்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு கிலோ நீர் ஆவியாக வெளிவருகிறது. ஒரு கூட்டம் குளிர்காலத்தில் 30 கிலோ தின்றால் சுமார் 20 லிட்டர். சென்னையில் வீட்டுக்கு வரும் தண்ணீர்க் கேனில் ஒரு முழுக் கேன். இது மூடியில் படிந்து, உறைந்து, பகலில் சற்று வெப்பம் ஏறியதும் உருகித் திரளின் மேல் சொட்டும். நனைந்த தேனீ அந்தக் குளிரில் பிழைக்காது.

இதற்குத்தான் மேல்துளையும் மரச்சீவல் அறையும். ஆனால் இங்கேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. மேல்துளை ஈரத்தோடு சூட்டையும் வெளியேற்றிவிடுகிறது. அதற்குப் பதிலாக மூடிக்கு மேல் தடிமனான வெப்பக்காப்புத் தகடு வைத்தால் மூடி சூடாகவே இருந்து, நீர் பக்கச் சுவர்களில் படிந்து தீங்கின்றி வழிந்துபோகும் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். மரப்பொந்தில் வாழும் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் ஒரே வாசல்தான் இருக்கும், மேலே துளை ஏது என்பது அவர்களுடைய கேள்வி. சுவரில் படியும் நீரைத் தேனீக்கள் கெட்டித் தேனை நெகிழ்த்தவும் எடுத்துக்கொள்கின்றன. நான் இப்போது இந்த இரண்டாவது வழியின் பக்கம்தான் இருக்கிறேன்.

சென்னைக்கு வருவோம். மைனஸ் 15 டிகிரியில் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில், அது முழுதும் ஈரம் நிறைந்ததாகவே இருந்தாலும், ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் நீராவி இருக்க முடியும். அப்படிப்பட்ட காற்று உள்ளே வந்து சூடேறி வெளியே போனால் பெட்டியை உலர்த்திவிடும். கார்த்திகை மாதத்து மழை இரவில், 24 டிகிரியில், ஈரப்பதம் 90 சதவீதம் இருக்கும்போது, சென்னைக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறக்குறைய 20 கிராம் நீராவி இருக்கும். நீங்கள் துளை இட்டு உள்ளே வரவழைப்பது அந்தக் காற்றைத்தான். பெட்டிக்குள் ஈரம் மிஞ்சிப்போனால் வெளியிலுள்ள அளவுக்கு அதைக் குறைக்கலாமே தவிர, அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. மரச்சீவலும் அப்படியே. இங்கே அது கீழே ஈரத்தை வாங்கி மேலே உலர்ந்த காற்றில் விட்டுவிடுகிறது. அங்கே விடுவதற்கு உலர்ந்த காற்று இல்லாததால் அதுவே பூசணம் பிடித்துப்போகும்.

நல்ல செய்தியும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. புழு அறைக் காற்று 34 டிகிரியில், 60 சதவீத ஈரப்பதத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பலகையில்தான் அது நீராகப் படியும். மழை இரவில் உங்கள் மூடி இருக்கும் வெப்பநிலை 23 அல்லது 24. இடைவெளி ஓரிரு டிகிரிதான். எங்களைப்போல் 40 டிகிரி வித்தியாசத்தோடு நீங்கள் போராட வேண்டியதில்லை. மூடி நனையாமல் இருந்தாலே அந்த ஓரிரு டிகிரியும் கிடைத்துவிடும்.

கேள்வி கேட்டவர் (மடிப்பாக்கம்)

இருவருக்கும் நன்றி. செய்தித்தாள் சோதனையைச் செய்து பார்த்தேன். தாள் முழுதும் உலர்ந்தே இருந்தது, பலகையின் அடிப்புறத்தில் மட்டும் வழக்கம்போல் நீர் கோத்திருந்தது. ஆகவே இது உள்ளிருந்து எழும் நீர் என்று கொள்கிறேன். பிளெக்ஸ் அந்த ஒரு பெட்டியில்தான் இருந்தது, சாரல் நேரடியாக அடிக்கும் பக்கத்தில் அது இருப்பதால். இப்போது அவிழ்த்துவிட்டேன். கீற்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. மேல்மூடியின் உள்வெற்றிடத்தில் தெர்மாகோல் வைக்கலாமா? அடிப்பலகையை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கம்பிவலை அடித்தால் ஈரம் தங்காது என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா?

மறுமொழி (பொன்னேரி)

மினியாபொலிஸ் நண்பர் தந்த கணக்கு சரி என்றாலும், அதை வைத்துக்கொண்டு நம் ஊரில் மேல்வழியே முக்கியமில்லை என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இந்தியத் தேனீயும் மேற்கத்தியத் தேனீயும் வாசலில் நின்று விசிறும் முறையே வேறு. மேற்கத்தியத் தேனீ தலையை வாசலை நோக்கி உட்புறமாக வைத்து விசிறி, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். நம் தேனீ தலையை வெளிப்புறமாக வைத்து நின்று வெளிக்காற்றை உள்ளே தள்ளும். வெயில் நேரத்தில் வாசற்பலகையருகே குனிந்து சற்று நேரம் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். உங்களை நோக்கி முகம் காட்டியபடி வரிசையாக நின்று சிறகடிக்கும். உள்ளே தள்ளப்படும் காற்று எங்காவது வெளியேறியாக வேண்டும். மேலே வழி இல்லையென்றால் அதே குறுகிய வாசலின் ஓரத்தால்தான் திரும்பி வர வேண்டியிருக்கும். ஆகவே மேல்மூடியின் இரு துளைகளும் நம் இனத்துக்கு இன்னும் அவசியம் என்பது என் கருத்து. அவற்றில் சிலந்திவலையோ குளவியின் மண்கூடோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மண்குளவி அந்த அளவுத் துளையை விட்டுவைப்பதில்லை.

புழு அறையில் தனியாகத் துளை இடுவதை நானும் ஏற்கவில்லை, ஆனால் காரணம் வேறு. மேற்கத்தியத் தேனீ தனக்கு வேண்டாத துளையைப் புரோபோலிஸ் என்னும் பிசினால் தானே அடைத்துக்கொள்ளும். இந்தியத் தேனீ அந்தப் பிசினைச் சேகரிப்பதே இல்லை. நீங்கள் இடும் துளை இட்டபடியே இருக்கும். காவலுக்குப் போதிய தேனீக்கள் இல்லாத மழைக்காலத்தில் மெழுகுப் பூச்சிக்கும் எறும்புக்கும் அது இரண்டாவது வாசல். தொல்லை பொறுக்காமல் கூட்டம் மொத்தமாகப் பெட்டியை விட்டுப் பறந்துபோவது இந்த இனத்தின் இயல்பு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வலை அடிப்பலகையைத் தரையில் வைத்த பெட்டிகளில் நான் பயன்படுத்துகிறேன், கோடையில் மிகவும் நன்றாகவே இருக்கிறது. மொட்டைமாடியில், ஐப்பசி கார்த்திகைக் காற்றில், கீழிருந்தும் சாரல் ஏறும் என்பதால் இப்போது வேண்டாம். தை பிறந்த பிறகு மாற்றிப் பாருங்கள்.

மறுமொழி (தாம்பரம்)

பொன்னேரி நண்பர் சொன்னதில் ஒரு திருத்தமும் இல்லை. வலை அடிப்பலகை விஷயத்தில் மட்டும் நான் இன்னும் பழமைவாதி. குப்பை கீழே விழுந்து எறும்பை அழைத்துவரும் என்பதால் எந்தப் பருவத்திலும் வைப்பதில்லை.

தெர்மாகோல் வைக்கலாம், ஆனால் வெறுமனே வைத்தால் எறும்புகள் அதைக் குடைந்து குடியேறிவிடும். பாலித்தீன் உறைக்குள் இட்டு, ஓரங்களை நாடா ஒட்டி அடைத்து, நடுவில் உள்ள வலைத்துளைக்கு நேராக அதே அளவில் வெட்டி, முன்பின் துளைகளுக்குக் காற்று போகும்படி மேலே இடைவெளி விட்டு வையுங்கள். கோணிச்சாக்கு வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஒரு மழைக்குப் பிறகு அது உலர்வதே இல்லை, நாற்றமும் எடுக்கும்.

அடுத்து, பெட்டியின் உள்ளளவைப் பாருங்கள். மழைக்காலத்தில் தேனீக்களின் எண்ணிக்கை குறையும்போது ஏழு சட்டங்களையும் அவற்றால் மூடிக்கொள்ள முடியாது. தேனீ மொய்க்காத ஓரச் சட்டங்கள் சில்லிட்டுப்போய் அங்கேதான் பூசணம் வரும். உங்கள் பெட்டியில் வந்ததும் ஓரச் சட்டத்தில்தான். மழை விட்டு வெயில் காயும் ஒரு நண்பகலில் திறந்து, காலியாக இருக்கும் அடையை எடுத்துவிட்டு, மீதியை ஒரு பக்கமாக நெருக்கி, இடையில் ஒரு தடுப்புப் பலகை வையுங்கள். மேலே தேன் அறை காலியாக நின்றால் அதையும் இறக்கிவிடலாம். எடுத்த அடைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், திறந்த அலமாரியில் வைத்தால் மெழுகுப் பூச்சி தின்றுவிடும். பூசணம் பிடித்த மகரந்தம் சிறிதளவுதான் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். கூட்டம் வலுப்பெற்றதும் அவையே கடித்தெடுத்து வெளியே போட்டுவிடும். ஆனால் பூசணத்தையும் புழு நோயையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூடிய புழுக் கண்ணறையைத் திறந்தால் புழு தலையை நிமிர்த்தி, நீர் கோத்த பைபோல் கிடந்தால் அது தாய்லாந்து சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய். 1991, 92இல் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது அதுதான். அதற்குக் காற்றோட்டம் மருந்தாகாது. அப்படி எதையாவது பார்த்தால் அந்தப் பெட்டியின் சட்டங்களை மற்றதில் மாற்றாமல் உடனே இங்கே எழுதுங்கள்.

மழை நாட்களில் உணவு கொடுப்பதாக இருந்தால் நீர்த்த சர்க்கரைப் பாகு வேண்டாம். அந்த நீரையும் அவைதான் விசிறி வெளியேற்ற வேண்டும். ஒரு பங்கு நீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை இட்டுக் கெட்டியாகக் காய்ச்சி ஆற்றி, மாலையில், இரவுக்குள் தீர்ந்துபோகும் அளவு மட்டும் கொடுங்கள். இந்தப் பருவத்தில் தேன் எடுக்கவும் வேண்டாம். ஈரக் காற்றில் தேன் வற்றவே நாளாகும், 20 சதவீதத்துக்கு மேல் நீர் இருந்தால் புட்டியில் புளித்துப்போகும்.

இறுதியாக, பெட்டிக் கால்களுக்கு அடியில் எறும்புக்காக வைத்திருக்கும் கிண்ணங்களில் மழைநீர் சேர்ந்து ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால், தண்ணீருக்குப் பதிலாகப் பழைய என்ஜின் ஆயில் ஊற்றுங்கள். மழைநீர் நிரம்பி ஆயில் வழிந்து தரையில் பரவாதபடி கிண்ணத்துக்கு மேலே காலைச் சுற்றி ஒரு சிறு தகரக் குடை அடித்துக்கொள்ளுங்கள். கீற்றுக் கூரை அந்தக் கிண்ணங்களையும் மறைக்கும் அகலத்தில் இருந்தால் தகரக் குடையும் தேவைப்படாது.